சாலைக்கு ஆகாத கல்

ஹைமாவுக்குத் தெற்கே
எழுபத்தோராம் கிலோமீட்டரில் எங்கள் கேம்ப்.
கண்டெய்னருக்குள் ஆய்வுக்கூடம், அதற்குள் நான்:
ஜல்லியைச் சலிப்பவன், ஊறவைப்பவன்,
ஈரத்தோடு நிறுத்து, உலர்த்தி மறுபடி நிறுத்து
எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று எழுதுபவன்.
இரும்புக் குண்டுகளோடு உருளையில் போட்டு
ஐந்நூறு சுற்று விட்டு
எத்தனை சதவீதம் தேய்ந்தது என்று சொல்பவன்.
கல்லிடம் கேட்கவேண்டியதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இரவில் கேட்பது வேறு கல்லை.

ஊர் திரும்பிய ரோமெல் விட்டுப்போன தொலைநோக்கி
நான்கு தவணையில் என்னுடையதாயிற்று.
ஜெனரேட்டர் சத்தம் எட்டாத இடத்தில்
பிக்கப்பிலிருந்து இறக்குவோம்,
நானும் ஓட்டுநர் முசல்லமும்.
"மேலே எதைத் தொலைத்தாய்?" என்பான்,
காவா ஊற்றியபடி.

ஜனவரி கடைசி, நிலவில்லாத வியாழன்.
கடகத்தின் பக்கம், அரை மணிக்கு ஒன்றாக நான்கு படங்கள்.
மாற்றி மாற்றிப் பார்த்தால்
விண்மீன்கள் ஆணியடித்தாற்போல் நிற்க
ஒரு புள்ளி மட்டும்
சம்பள நாளில் கேம்பைவிட்டு நழுவும் ஆளாய்
மேற்கே, இன்னும் மேற்கே.
தூசி என்று துடைத்தேன்.
தூசி இத்தனை ஒழுங்காய் நடக்காது.
மடிக்கணினிப் பட்டியலில் அது இல்லை.
பட்டியல் பழையது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்பது நாள்
நான் கண்டுபிடித்தவனாக இருந்தேன்.
மெஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லை.
பெயர்கூட வைத்தேன். அதைக் கேட்காதீர்கள்.

பத்தாம் நாள் பதில்:
நன்றி, உங்கள் அளவுகள் சரி.
இருபத்துமூன்று ஆண்டுக்கு முன்பே
வேறு கண்டத்து மலையுச்சியில்
ஆளில்லாமல் இயங்கும் கேமரா ஒன்று
இதைப் பார்த்துவிட்டது.
எண் உண்டு. பெயர் இல்லை.
சுழலும் நேரம் என்ற கட்டத்தில்
ஒரு சிறு கோடு.

கோடு!
என் படிவத்தில் அப்படி விட்டால்
கன்சல்டன்ட் சுஹைர் முகத்தில் எறிவார்.

பதினோரு இரவு. மூன்றை மணற்காற்று தின்றது.
ஒளி ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது.
இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் ஒரு சுற்று:
ஆறு மணி நாற்பத்தெட்டு நிமிடம்.
மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம் பார்த்தால்
அகலத்தைப்போல் இருமடங்கு நீளம், கிட்டத்தட்ட.
எங்கள் ஆணி அளவியில் நுழையாது.
சக்கரம் ஏறினால் முறியும், சாலைக்கு ஆகாது என்று
தள்ளிவிடுகிற ஜாதிக் கல்.

எவ்வளவு பெரிசு?
சின்ன வெள்ளைக் கல்லும் பெரிய கறுப்புக் கல்லும்
இருட்டில் ஒரே புள்ளி.
வடிகட்டி மாற்றி மாற்றி நிறம் கேட்டேன்.
சிவப்பில்லை; பழைய தாரின் சாம்பல்.
அப்படியானால், நூறு பங்கு வெயிலில்
ஐந்தைத்தான் திருப்பித் தரும்.
அப்படியானால், எட்டரை கிலோமீட்டர்,
கேம்பிலிருந்து குவாரி வரை.
இத்தனை அப்படியானால் போட்டு
ஓர் அறிக்கையிலும் நான் கையெழுத்திட்டதில்லை.

எடை தெரியாது.
எடைபோட, சுற்றிவரும் குட்டி ஒன்று வேண்டும்.
அதற்கு இல்லை, அல்லது என் கண்ணுக்கு இல்லை.
ஒரே பாறையா, எப்போதோ மோதி நொறுங்கி
தானே கூடிக்கொண்ட ஜல்லிக் குவியலா?
எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது?
ஊறவைக்க வழியில்லை.

"இந்த வெள்ளைச் சமவெளியில்
கறுப்பாய்க் கிடப்பது
வானத்திலிருந்து விழுந்ததாயிருக்கும்,
இல்லையென்றால் லாரியிலிருந்து"
என்று டயர்த் துண்டை உதைத்தான் முசல்லம்.
"உன்னுடையது இங்கே விழுமா?"
விழாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
அதற்கென்று பாதை உண்டு.
"பராமரிப்பு யார்?"
யாருமில்லை.
"நல்ல காண்ட்ராக்ட்" என்றான்.

இப்போது பகல் பதினொன்றே கால்.
உருளை சுற்றுகிறது, முன்னூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று.
மனக்கணக்கில் அது
நீளப் பக்கத்தைக் காட்டி முடித்து
முனையைத் திருப்பத் தொடங்கியிருக்கும்.
அந்தக் கோட்டை அழித்துவிட்டார்களா என்று
இரவு சிக்னல் கிடைத்தால் பார்க்கவேண்டும்.
வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
இந்த லோடில் நீளக் கல் அதிகம்.
திருப்பி அனுப்புகிறேன்.